இறங்கும் இருக்கை

மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டங்களுக்குக் கம்பெனி வேன் முதன்முதலாக வந்தபோது, அதிலிருந்து ஒரு மேசையையும் ஒரு தராசையும்தான் இறக்கினார்கள். மேசை எழுதுவதற்கு. தராசு பெண்களை நிறுப்பதற்கு.

நாற்பத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும். இருபது வயதுக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ். கண்ணாடி போடாமல் மெல்லிய நூலைப் பார்க்கத் தெரிய வேண்டும். விரல்கள் வேகமாக ஓட வேண்டும். படிப்பு பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சை வரை போதும்.

பூமியைச் சுற்றிக்கொண்டிருந்த ஓர் ஆலைக்குத்தான் அந்த ஆள்சேர்ப்பு. அங்கே கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்தார்கள். எடையில்லாத இடத்தில் இழுத்த இழையில் குமிழி விழாது, கீறல் இருக்காது. கடலுக்கடியில் கண்டம் விட்டுக் கண்டம் போகும் செய்தியெல்லாம் அதில் தேயாமல் போய்ச் சேரும் என்றார்கள். இயந்திரம் முக்கால்வாசி வேலையைச் செய்தது. அறுந்த இழையைப் பிடித்து மறுபடி கோக்க மட்டும் மனித விரல் வேண்டியிருந்தது. ஒவ்வொரு கிலோவையும் மேலே ஏற்ற எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று கணக்குப் போட்டவர்கள், அந்த விரல்கள் கனமில்லாத உடம்பில் இருந்தால் நல்லது என்று கண்டுபிடித்தார்கள்.

ராக்கெட் பெரிய நாடுகளிடம் இருந்தது. இந்தச் சின்ன நாட்டிடம் இருந்தவை இறங்குவதற்கு ஒரு கடலும், கொஞ்சமாகச் சாப்பிட்டுக் கொஞ்சமாக மூச்சுவிடும் சின்ன உடம்புகளும்தான். “நமது பெண்களின் உடலமைப்பே நமது புதிய ஏற்றுமதி வளம்” என்று ஓர் அமைச்சர் பாராளுமன்றத்தில் பேசினார். தபால் முத்திரைகூட வெளியிட்டார்கள்.

தர்ஷிகா தராசில் ஏறியபோது எழுத்தர் உரக்கச் சொன்னார்: “நாப்பத்தொண்ணு!” வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆடைத் தொழிற்சாலையில் ஆறு வருஷம் பொத்தான்துளை தைத்த கை அவளுடையது. விரல் பரீட்சையிலும் அவள்தான் முதல்.

அவள் கணவன் நிரோஷன் மஸ்கெலியாவில் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். மகள் மதுஷாவுக்கு அப்போது ஐந்து வயது. வேனில் வந்தவர்கள் கொடுத்த கடதாசிகளை மடியில் வைத்துக்கொண்டு இருவரும் ஒரு மாலை முழுவதும் பேசினார்கள்.

“பதினெட்டு மாசந்தாங்க. சவுதிக்குப் போனா ரெண்டு வருஷம். அங்க என்னா நடக்குமோன்னு தெரியாது. அதுக்கு இது மேலு.”

“மேலுதான்,” என்று நிரோஷன் கூரையைப் பார்த்துச் சொன்னான்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்த சத்தத்தைத்தான் பின்னால் அவன் அடிக்கடி நினைத்துக்கொண்டான். தோட்டத்து ஜனங்களும் அந்த வேலைக்கு ‘மேல்நாட்டு வேலை’ என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

அவள் போனாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹட்டனில் இருந்த கம்பெனி அலுவலகத்துக்குப் போனால் பத்து நிமிஷம் திரையில் பேசலாம். கேட்டது போய்ச் சேர்ந்து பதில் வர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அந்த ஒரு விநாடியில் அவள் முகம், காது கேளாதவள் முகம் போல வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். முதல் மாதம் நிரோஷன் அதற்குப் பயந்தான். பிறகு அந்த இடைவெளியில் அவளை நன்றாகப் பார்த்துக்கொள்ளப் பழகினான். கன்னம் உப்பியிருந்தது. பின்னல் தலைக்கு மேலே பாம்பு போல எழுந்து நின்றது. மதுஷா அதைப் பார்த்துக் கைதட்டினாள்.

பதினெட்டாவது மாதம் கடிதம் வந்தது. இன்ன தேதியில் பொத்துவிலுக்குத் தெற்கே கடலில் விண்கலம் இறங்கும்; தர்ஷிகா அதில் வருகிறாள். நிரோஷன் மகளுக்குப் புதுச் சட்டை வாங்கிக்கொடுத்து, இரண்டு பஸ் மாறிக் கிழக்குக் கரைக்குப் போனான். மலையில் பிறந்தவனுக்கு அவ்வளவு பெரிய வெளிச்சம் புதிது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, படகு கட்டும் ஜெட்டியில் நின்றான்.

படகு கலத்தை இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே இரண்டு இருக்கைகள். ஒன்றிலிருந்து பசறைப் பக்கத்துப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றதில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று இருந்தது. ஆளைக் கட்டுவது போலவே அதைத் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு ஒன்று என்று வார் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

மதுஷா அதைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அப்பா, அம்மா அந்தப் பெட்டிக்குள்ளயா இருக்காங்க?”

இனி மகளை இங்கே கூட்டிக்கொண்டு வருவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தான். பட்டியல் மாறிவிட்டது, அடுத்த கலம் ஆறு வாரத்தில் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நிரோஷன் மகளைக் கொண்டுபோய் மூத்த அக்காவிடம் விட்டான். ஆட்டோவை விற்றான். திரும்பி வந்து, கலத்தை மீட்கும் படகில் வேலை கேட்டான்.

படகை ஓட்டும் ஸ்ராங் நஸீர் நானா அவனை மேலும் கீழும் பார்த்தார்.

“தம்பி எந்த ஊர்?”

“மஸ்கெலியா.”

“நீந்தத் தெரியுமா?”

“ஆத்துல கொஞ்சம்.”

“ஆறெண்டா ரெண்டு பக்கமும் கரை கிடக்கும். கடல் அப்பிடியில்ல.” அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். “பொஞ்சாதி மேலயா?”

“ஆமாங்க.”

“சரி, ஏறுங்க. தூக்குறத்துக்கு ஆள் வேணும்.”

தூக்குவதுதான் வேலை. கலம் பாராசூட் குடை விரித்துக் கடலில் விழுந்ததும் படகு அதனருகே போகும். நிரோஷன் கலத்தின் மேல் தாவி ஏறிக் கதவைத் திறந்து, இருக்கையில் இருப்பதை அவிழ்த்துத் தூக்கி வெளியே கொண்டுவர வேண்டும். முதல் தடவை, மேலே இழுத்த இழையை அடைத்திருந்த பெட்டியைத் தூக்கியபோது அவனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

“நானா, இது எத்தன கிலோ?”

“நாப்பத்திரெண்டு. எல்லாப் பெட்டியும் அதே கணக்குத்தான்.”

“அது ஏன் அப்படி?”

“ஆள் இருக்க வேண்டிய எடத்தில பெட்டி இருந்தாலும் கலம் ஒரு பக்கம் சரியப்படாது. இறங்கக்குள்ள சரிஞ்சா எரிஞ்சிரும். அதால ஒரு பெட்டி ஒரு பொம்பளைக்குச் சமன் எண்டு செஞ்சு வெச்சிரிக்காங்க.” நஸீர் நானா வெற்றிலையைத் துப்பினார். “மேலே போறத்துக்கு நூறு ராக்கெட் இரிக்கி. கீழே வாறத்துக்கு இந்த ரெண்டு சீட்டுத்தான். மேலே பதினாலு பேர். பெட்டியோ மாசத்துக்கு மூணு நிறையுது. யாரு வாறது, எது வாறதெண்டு அங்க ஒராள் கணக்குப் போட்டுக்கிட்டு இரிக்கான்.”

ஆறு வாரத்துக்கு ஒரு கலம் வந்தது. ஒவ்வொரு முறையும் கதவின் கைப்பிடியைத் திருகும்போது நிரோஷனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பெட்டி. பெட்டி. ஒரு பெண், ஒரு பெட்டி. தர்ஷிகா பெயர் போட்டிருந்த ஒரு கலத்தில், ரொஷானி என்ற சின்னப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். எலும்பிலிருந்து கரைந்த சுண்ணாம்பு சிறுநீரகத்தில் கல்லாகியிருந்தது. இறங்கிய பெண்கள் எல்லாருடைய எலும்பும் அப்படித்தான் கரைந்திருந்தது. தலையை நிமிர்த்த மாட்டாமல் அவன் தோளில் சாய்ந்து வாந்தி எடுப்பார்கள். கரையோரம் கம்பெனி கட்டியிருந்த ஆஸ்பத்திரியில் நாலு மாதம், ஆறு மாதம் படுத்திருந்து, கைத்தடியோடு மலைக்குத் திரும்பிப் போவார்கள். இரண்டு பேர் சக்கர நாற்காலியிலேயே போனார்கள்.

அவன் விடுமுறைக்குத் தோட்டத்துக்குப் போய் வந்தபோது ஊர் மாறியிருந்தது. கடைத்தெருவில் நிறுவை இயந்திரம் வைத்திருந்தார்கள். பதினாறு, பதினேழு வயதுப் பெண்கள் அதில் ஏறி இறங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு நாற்பத்தேழு காட்டியது என்று அவள் தாய் எல்லார் முன்னாலும் தலையில் குட்டினாள். ‘வளரும் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள்’ என்று கிளினிக் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்.

இருபத்தெட்டாவது மாதத்தில் கம்பெனி வைத்தியர்களிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இறங்கும்போது உடம்பு எட்டு மடங்கு கனக்கிறது. முப்பது மாதத்துக்கு மேல் அங்கே இருந்தவரின் முதுகெலும்பு அதைத் தாங்காது. முப்பதைத் தாண்டியவர்கள் மென்மையாக இறங்கும் புதிய கலம் வரும்வரை அங்கேயே தங்கவைக்கப்படுவார்கள். புதிய கலம் எப்போது வரும் என்று அதில் எழுதியிருக்கவில்லை.

தர்ஷிகாவுக்கு முப்பது மாதம் முடிய எட்டு நாள் இருக்கும்போது கடைசியாக ஒரு கலம் இறங்கவிருந்தது. அதன் பட்டியலை ஜெட்டிச் சுவரில் ஒட்டினார்கள். முதல் இருக்கை: பெட்டி. இரண்டாம் இருக்கை: யசோதினி.

நிரோஷன் ஈர உடுப்போடு அலுவலகத்துக்குள் நுழைந்தான். இறக்கும் பட்டியலுக்குப் பொறுப்பாக இருந்த அபிராமி மிஸ் கொழும்புக்காரி, மரியாதை தெரிந்தவள், எல்லாரையும் ‘மிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவாள்.

“எம் பொண்டாட்டி மனுசியா, பெட்டியா மிஸ்?” என்று கத்தினான். “எத்தன தடவ ஏமாத்துவீங்க? தோட்டத்துக்காரன் கேக்கமாட்டான்னு நெனச்சீங்களா? இந்தக் கலத்துல அவ வரலேன்னா நான் கதவு தொறக்கமாட்டேன். யாரையும் தொறக்க விடவும் மாட்டேன்.”

அபிராமி எழுந்து கதவைச் சாத்தினாள். “உக்காருங்க மிஸ்டர் நிரோஷன்.”

“நிக்கிறேன்.”

“இதைக் காட்டக் கூடாது. காட்டாம இருந்ததும் சரியில்லைன்னு இப்ப நினைக்கிறேன்.” அவள் திரையை அவன் பக்கம் திருப்பினாள். நான்கு படிவங்கள். இருக்கையை விட்டுக்கொடுக்கும் படிவங்கள். “முதலாவது நாங்க எடுத்த முடிவு. அதுக்கு நான் பொறுப்பு. இந்தாங்க, கம்பெனி முத்திரை. ரெண்டாவது ரொஷானிக்காக அவங்களே விட்டது. மூணாவதையும் நாலாவதையும் பாருங்க.”

காரணம் என்ற கட்டத்தில் ‘சொந்த விருப்பம்’ என்று இருந்தது. கீழே விரலால் திரையில் போட்ட கையெழுத்து. ‘கா’வின் காலை அவள் எப்போதும் தேவையில்லாமல் நீட்டி இழுப்பாள். இழுத்திருந்தாள்.

“இந்தக் கலத்துலயும் முதல் இருக்கை அவங்களுக்குத்தான் ஒதுக்கினோம்,” என்றாள் அபிராமி. “வேணாம்னு சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் பெட்டி போட்டோம். இப்ப அந்தப் பெட்டியைக் கட்டி முடிச்சாச்சு. மாத்த எனக்கு அதிகாரம் இல்லை.”

நிரோஷன் அப்போதுதான் உட்கார்ந்தான்.

அடுத்த ஞாயிறு வரை நான்கு நாள். அந்த நான்கு நாளும் அவன் படகின் பின்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நஸீர் நானா சோற்றுப் பார்சலைப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு மத்தியானம் ஜெட்டி அலுவலகத் திரையில் தர்ஷிகா வந்தாள். மெலிந்திருந்தாள்.

“சாப்பிட்டீங்களா?” என்றாள்.

“படிவத்தப் பாத்தேன்,” என்றான் நிரோஷன்.

ஒரு விநாடி. பிறகு அவள் முகத்தில் செய்தி போய்ச் சேர்ந்தது. அவள் வேறெங்கோ பார்த்தாள்.

“கோவமா?”

“ஏன்னு மட்டும் சொல்லு. நான் ஒவ்வொரு தடவையும் அந்தக் கதவத் தொறந்து பாக்குறேன் தர்ஷி. ஏன்னு சொல்லு.”

“உண்மையச் சொல்லவா?”

“சொல்லு.”

“பயங்க.” அவள் கையை உயர்த்திக் காட்டினாள். கை அது பாட்டுக்கு மிதந்தது. “இங்க நான் ஷிப்ட்டுக்குத் தலைவி. ஒரு காலால ஒந்தித் தள்ளுனா அந்தக் கோடி வரைக்கும் பறக்குறேன். இழ அறுந்தா எல்லாரும் என்னையத்தான் கூப்புடுறாங்க. அங்க வந்தா? பசறைக்காரி இன்னும் நாக்காலியில இருக்கான்னு கேள்விப்பட்டேன். நம்ம லயத்து வீட்டுக்கு ஏற எத்தன படி? என்னைய ஒரு மூலையில போட்டு வச்சு, மதுஷா எனக்கு மலசலம் அள்ளணும். அவளுக்குத் தலைக்கு மேல முடி நிக்கிற அம்மாவைத்தான் தெரியும். அந்த அம்மாவாவே இருந்துட்டுப் போறேன்னு நெனச்சேன்.” நிறுத்தினாள். “இன்னொண்ணும் இருக்கு. இங்க எனக்குப் பிடிச்சிருக்குங்க. அதச் சொல்லத்தான் இவ்வளவு நாளா வாய் வரல.”

நிரோஷன் திரையின் ஓரத்தில் ஓடிய நேரத்தைப் பார்த்தான். ஐந்து நிமிஷம் இருந்தது. அவனுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவளைத் திட்டக் கொண்டுவந்த வார்த்தைகளெல்லாம் இப்போது யாருக்கோ எழுதிய கடிதம் மாதிரி இருந்தன.

“பிடிச்சிருந்தா தப்பில்ல,” என்றான். “ஆனா படிக்குப் பயப்படாத. இங்க ஒரு பெட்டி நாப்பத்திரெண்டு கிலோ. பத்து மாசமா தூக்குறேன். நீ எவ்வளவு இப்ப?”

“முப்பத்தெட்டுன்னு டாக்டர் சொன்னாரு.”

“அப்பறம் என்னா?”

அவள் சிரிக்க முயன்றாள். சரியாக வரவில்லை.

“மதுஷா எப்படி இருக்கா?”

சொல்லக் கூடாது என்று நினைத்து வைத்திருந்ததை அப்போது அவன் சொன்னான். “சோத்துல பாதிய வச்சிர்றா. அக்கா அடிச்சும் பாத்துட்டா. ஏன்டி சாப்புடல்லன்னு நான் கேட்டேன். ‘லேசா இருந்தாத்தானே அம்மாகிட்ட போகலாம்’னு சொல்றா. பள்ளிக்கூடத்துல எல்லாப் புள்ளைகளும் அப்படித்தானாம். நிறுத்துப் பாத்துட்டேன் தர்ஷி. எட்டு வயசு ஆகப் போகுது, பதினாறு கிலோ.”

ஒரு விநாடி. இரண்டு விநாடி. அவள் முகம் அப்படியே இருந்தது. இணைப்புப் போய்விட்டதோ என்று அவன் நினைத்தான். பிறகு அவள் கண்ணின் மேல் தண்ணீர் ஒரு குமிழியாகத் திரண்டு நின்றது. அங்கே கண்ணீர் விழாது. அவள் அதைச் சட்டைக் கையால் ஒற்றி எடுத்தாள்.

“பட்டியல் போட்டாச்சுங்களே,” என்றாள். அதற்குள் நேரம் முடிந்து திரை வெள்ளையானது.

கலம் இறங்கும் நாள் காலை எட்டு மணிக்கே ஜெட்டியில் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. கையில் கடையில் வாங்கிய புதுப் போர்வை, பாலித்தீன் உறை பிரிக்காமல். நிரோஷன் படகுக்கு ஏறப் போனபோது பக்கத்தில் வந்தான்.

“அண்ணே, நீங்கதான் கதவு தொறக்குறவரா?”

“ஆமா.”

“நான் சுதர்சன். பண்டாரவளை. எங்க வீட்டுக்காரி வர்றாங்க இன்னைக்கு. யசோதினி.” அவனுக்கு மூச்சு வாங்கியது. “இருவத்திரெண்டு மாசமாச்சுண்ணே. கொஞ்சம் மெதுவா எறக்குவீங்களா? சின்ன வயசுல அவளுக்கு ஒரு தோள்பட்ட வெலகினது.”

“மெதுவா எறக்குறேன்,” என்றான் நிரோஷன்.

கடல் அன்று அமைதியாக இருந்தது. வானத்தில் முதலில் ஒரு புள்ளி. பிறகு மூன்று குடைகள் விரிந்தன. கலம் நீரில் விழுந்து, ஒரு முறை அமிழ்ந்து எழுந்தது. அதன் அடிப்பக்கம் கருகி ஆவி பறந்தது. நிரோஷன் தாவி ஏறிக் கைப்பிடியைத் திருகினான். இந்தத் தடவை நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை. யார் இருப்பார்கள் என்று சுவரில் ஒட்டியிருந்ததே.

இடது இருக்கையில் பெட்டி. வலது இருக்கையில் தலைக்கவசம் போட்ட ஓர் உருவம், மடியில் தண்ணீர்ப் பை ஒன்றைச் சேர்த்துக் கட்டியபடி.

“யசோதினித் தங்கச்சி, பயப்படாதீங்க. கண்ண மூடிக்கங்க. உங்க வீட்டுக்காரர் கரையில நிக்கிறாரு,” என்று சொல்லிக்கொண்டே வாரை அவிழ்த்தான்.

“நான்தாங்க,” என்றது கவசத்துக்குள்ளிருந்து ஒரு குரல்.

அவன் கை வாரிலேயே நின்றது. கவசத்தைக் கழற்றினான். முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. வாந்தியெடுத்திருந்தாள். ‘என்னாங்க’ என்று கூப்பிட்டாள். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் முகம் அதற்கு அசைந்தது. இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்த ஒரு விநாடி நடுவில் இல்லை. அவன் அவள் தலையைத் தன் கழுத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, கருகிய கலத்துக்குள் முழங்காலிட்டபடியே அழுதான்.

“என்ன தம்பி, உள்ளே பிரச்சினையா?” என்று படகிலிருந்து நஸீர் நானா கத்தினார்.

படகு கரைக்குத் திரும்ப முக்கால் மணி நேரம். அவளைத் தட்டில் படுக்கவைத்து வெயில் படாமல் தார்ப்பாய் பிடித்தார்கள். அவள் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

“ஒங்ககிட்ட பேசின பெறகு நான் அழுதுட்டு இருந்தேன். யசோதினிதான் ஏன்னு கேட்டா. சொன்னேன். ‘எனக்கு இன்னும் எட்டு மாசம் கெடக்கு அக்கா. உங்களுக்கு எட்டு நாள்’னா. வேணாம்டின்னேன். கலத்துக்குக் கதவு சாத்துறதுக்கு முந்தி உடுப்ப மாத்திக்கிட்டோம். அவ நாப்பத்திமூணு கிலோ. நான் அஞ்சு கொறைவு. சரிஞ்சிரக் கூடாதுன்னு அவளே தண்ணிப் பைய நெறச்சு மடியில கட்டிவிட்டா.” மூச்சு வாங்கினாள். “கம்பெனிக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கும்.”

நிரோஷன் கரைப் பக்கம் பார்த்தான். ஜெட்டியின் நுனியில் ஒரு வெள்ளைச் சட்டை.

“அவருக்குத் தெரியாது,” என்றான்.

நஸீர் நானா சுக்கானைப் பிடித்தபடி திரும்பாமலே சொன்னார்: “வடக்குப் பக்கத்து எறங்குதுறையில கொண்டுபோய் விடட்டா? அங்க ஆக்கள் இல்ல.”

நிரோஷனுக்கு ‘விடுங்க நானா’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கண்ணை மூடியிருந்தாள். தூங்கவில்லை என்று தெரிந்தது.

“வேணாம்,” என்றான். “வழக்கமான எடத்துக்கே போங்க.”

ஜெட்டிப் படிகளில் தூக்குப்படுக்கை திரும்பாது. அதனால் எப்போதும் போல அவனே தூக்கினான். பெட்டியைவிட லேசுதான். ஆனால் பெட்டி மூச்சு விடாது. பெட்டியின் தலை தோளில் சரியாது. ஒவ்வொரு படியாக ஏறினான். மேலே அபிராமி மிஸ் சக்கர நாற்காலியோடும் வைத்தியரோடும் வேகமாக வந்துகொண்டிருந்தாள். சுதர்சன் அவர்களை முந்திக்கொண்டு ஓடிவந்தான். போர்வையின் உறையைப் பிரித்திருந்தான். இரண்டு கையிலும் அதை விரித்துப் பிடித்தபடி வந்தவன், முகத்தைப் பார்த்ததும் நின்றான்.

அவன் படகைப் பார்த்தான். படகில் பெட்டி மட்டும் இருந்தது. மறுபடி தர்ஷிகாவைப் பார்த்தான்.

“இவங்க இல்ல,” என்றான் மெதுவாக. “அண்ணே, இது அவ இல்ல.”

நிரோஷனால் அவன் கண்ணைப் பார்க்க முடியவில்லை. நாற்காலி பத்து அடி தூரத்தில் இருந்தது. அதில் அவளை வைத்துவிட்டால் ஆஸ்பத்திரிக் கதவு. உள்ளே போய்விட்டால் எல்லாம் முடிந்தது. அவன் நடந்தான்.

“நில்லுங்க,” என்றாள் தர்ஷிகா.

“டாக்டர் நிக்கிறாரு தர்ஷி.”

“நில்லுங்கன்னு சொல்றேன்ல. அவர் பக்கம் திருப்புங்க என்னைய. தலைய என்னால திருப்ப முடியல.”

அவன் திரும்பினான். அபிராமி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு நாற்காலியின் பிடியைப் பற்றியபடி அங்கேயே நின்றுவிட்டாள்.

“சுதர்சன் தம்பிதானே?” என்றாள் தர்ஷிகா. “போட்டோவுல மீச இருந்துச்சு.”

சுதர்சன் மேலுதட்டைத் தொட்டுப் பார்த்தான். “நேத்துத்தான் எடுத்தேன்.”

“உங்க வீட்டுக்காரி நல்லா இருக்கா. இந்தக் கலத்துல அவதான் வரணும். எனக்குத் தவண முடியப் போகுதுன்னு என்னைய ஏத்திவிட்டா. நான் ஏறினேன். ஏறியிருக்கக் கூடாதுன்னு நீங்க நெனச்சா, நெனைங்க.”

சுதர்சன் கைகளைத் தாழ்த்தினான். போர்வை ஒரு பக்கம் தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. அவன் கேட்க நிறையக் கேள்விகள் இருந்திருக்கும். அவன் கேட்டது ஒன்றுதான்.

“சாப்புடுறாளா அக்கா?”

“மிச்சம் வைக்கமாட்டா. எம் பங்குலயும் பிடுங்கித் தின்பா.”

அவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

“தோள்பட்ட?”

“அங்க தோளுக்கு என்னா வேல? ஒரு வலியும் இல்ல. தூங்கும்போது கை ரெண்டும் தன்னால முன்னால எந்திரிச்சு நிக்கும், பேய் மாதிரி. அவ கைய நாங்க கட்டிவைப்போம். அப்பறம் உங்க வீட்டுக் கூரைய மாத்தப் போறீங்களாமே? மாத்த வேணாம்னு சொல்லச் சொன்னா. ஜன்னல் கேமராவுல பண்டாரவளைய எட்டப் பிடிச்சா, அந்த நீலத் தகரத்த வச்சுத்தான் கண்டுபிடிப்பாளாம். பகல்ல மேலால போனா வேலைய விட்டுட்டு ஓடிருவா. நான்தான் திட்டுவேன்...”

அவள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் மூச்சுக்காக நிறுத்தினாள், மறுபடி தொடங்கினாள். சுதர்சன் ஓர் அடி, இன்னோர் அடி என்று நெருங்கி வந்து, அவள் வாய்க்குப் பக்கத்தில் காதைக் குனிந்து கேட்டான். விரித்த போர்வையை எப்போது அவள் மேல் போட்டான் என்று யாரும் கவனிக்கவில்லை. யசோதினி எந்தப் பாட்டை எந்த இடத்தில் தப்பாகப் பாடுவாள், யாரோடு சண்டை போட்டு மூன்று நாள் பேசாமல் இருந்தாள், தலைமாட்டில் எந்தப் படம் ஒட்டியிருக்கிறாள் என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் “ஆமா, ஆமா, அவ அப்படித்தான்” என்றான்.

நிரோஷனின் கைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன. முழங்காலுக்குக் கீழே கால் மரத்துப் போயிருந்தது. வெயில் நேரே தலையில் இறங்கியது. அவள் குரல் அவன் நெஞ்சில் அதிர்ந்துகொண்டிருந்தது. பேச்சு முழுவதும் வேறொருத்தியைப் பற்றி, வேறொருவனிடம்.

தர்ஷிகாவுக்கு நடுக்கம் தெரிந்திருக்க வேண்டும். பேச்சை நிறுத்தி, “கை வலிக்குதாங்க?” என்றாள்.

“இல்ல,” என்றான் நிரோஷன். அவளைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டான். “நீ சொல்லு. அவரு கேட்டுக்கிட்டு இருக்காருல்ல.”